வெளிநாட்டுப் பயணத்தில் செல்பேசி இணையம்: ரோமிங், உள்ளூர் சிம், இ-சிம், வைஃபை

வெளிநாடு செல்லும் ஒருவர் தம் செல்பேசியில் இணையம் பெற நான்கு வழிகள் உள்ளன. இந்திய சிம்மையே ரோமிங் முறையில் பயன்படுத்தலாம். போய்ச் சேரும் நாட்டின் சிம் அட்டையை வாங்கலாம். பயண இ-சிம் ஒன்றை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். வைஃபையை மட்டும் நம்பியிருக்கலாம். இவற்றுள் எல்லோருக்கும் எப்போதும் சிறந்தது என்று ஒன்று இல்லை. எத்தனை நாள் பயணம், எத்தனை நாடுகள், கையில் இருக்கும் செல்பேசி எத்தகையது, இந்திய எண்ணுக்கு என்னென்ன செய்திகள் வந்தாக வேண்டும் என்ற நான்கு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலே தேர்வைத் தீர்மானிக்கிறது.

மதுரை விமான நிலையத்திலிருந்து கொழும்பு, துபாய் போன்ற நகரங்களுக்கு நேரடி விமானங்கள் உண்டு. வணிகம், வேலை, பிள்ளைகளைப் பார்த்து வருதல், கோயில் யாத்திரை எனத் தென் மாவட்டங்களிலிருந்து பலர் ஆண்டுதோறும் கடல் கடந்து செல்கின்றனர். அவர்களை மனதில் கொண்டு இந்த நான்கு வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தனுஷ்கோடியில் வரும் ரோமிங்

ரோமிங் என்றால் என்ன என்பதை அறிய விமானம் ஏற வேண்டியதில்லை. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வழியாக தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை சென்றவர்களில் சிலருடைய செல்பேசிகளுக்கு, இலங்கைக்கு வரவேற்கும் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அங்கிருந்து தலைமன்னார் கடல்வழியே சுமார் 30 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. கடலுக்கு மேல் ரேடியோ அலையை மறிக்கக் கட்டடமோ மலையோ கிடையாது. 2ஜி தொழில்நுட்பமான ஜிஎஸ்எம் முறையில் ஒரு கோபுரம் சாதாரணமாகவே 35 கி.மீ. வரை எட்டக்கூடியது. எனவே இந்திய சிக்னல் வலுவிழந்த இடத்தில், செல்பேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

இதைக் கடிகாரத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. 2006 ஏப்ரல் முதல் இலங்கையின் நேரமும் இந்திய நேரமும் ஒன்றுதான். டேட்டா ரோமிங் வசதி திறந்திருந்தால், இந்திய மண்ணில் நின்றுகொண்டே வெளிநாட்டுக் கட்டணத்தில் படம் அனுப்ப நேரிடலாம். கடற்கரைக்குப் போகும்போது டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, நெட்வொர்க் தேர்வைத் தானியங்கி முறையிலிருந்து மாற்றி இந்திய நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்தால் போதும்.

ரோமிங் எப்படி இயங்குகிறது?

ஒவ்வொரு சிம்மிலும் ஓர் அடையாள எண் பதிந்திருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்திய சிம்களில் அவை 404 அல்லது 405. சிங்கப்பூரில் இறங்கியதும் செல்பேசி அங்குள்ள ஒரு நெட்வொர்க்கில் நுழைய முயலும். அந்த நெட்வொர்க் இந்த எண்ணைப் படித்து, இந்தியாவில் உள்ள நிறுவனத்திடம் இந்த வாடிக்கையாளரை அனுமதிக்கலாமா என்று கேட்கும். இரு நிறுவனங்களுக்கும் ஒப்பந்தம் இருந்து, வாடிக்கையாளரின் ரோமிங் சேவையும் இயக்கத்தில் இருந்தால் அனுமதி கிடைக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ரோமிங்கில் இருக்கும்போது இணையத் தரவு பொதுவாக அந்த நாட்டிலிருந்து நேரடியாக இணையத்துக்குள் செல்வதில்லை. அது முதலில் இந்திய நிறுவனத்தின் நுழைவாயிலுக்கு வந்து, அங்கிருந்து இணையத்துக்குப் போகிறது. இதனால் மூன்று விளைவுகள் உண்டு. முதலாவது, தரவு நீண்ட தூரம் சுற்றிவருவதால் வேகம் சற்றுக் குறையும். இரண்டாவது, பயணி வெளிநாட்டில் இருந்தாலும் இணையதளங்களுக்கு அவர் இந்தியாவில் இருப்பதாகவே தோன்றும். இந்திய வங்கிச் செயலிகள் வழக்கம்போல இயங்க இது உதவுகிறது. மூன்றாவது, இரண்டு நிறுவனங்களுக்கும் பங்கு போவதால், பேக் எதுவும் போடாதபோது கட்டணம் மிக அதிகமாக இருக்கும்.

எண் வேறு, இணையம் வேறு

இணையம் எங்கே மலிவு என்று மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். செல்பேசி எண்ணும் இணைய இணைப்பும் இரண்டு தனித்தனிப் பொருள்கள். இணையத்தை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் வங்கிக் கணக்கு, ஆதார், யுபிஐ, வாட்ஸ்அப் ஆகிய எல்லாம் பழைய இந்திய எண்ணோடு கட்டப்பட்டிருக்கின்றன.

சிங்கப்பூரில் மலிவான சிம்மை வாங்கிப் போட்டுவிட்டு இந்திய சிம்மைக் கழற்றிப் பையில் வைத்தவருக்கு, வங்கியின் ஓடிபி வராது. யுபிஐ செயலியை அழித்து மீண்டும் நிறுவினால், அது பதிவான சிம்மிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லும். சிம் செல்பேசியில் இல்லையென்றால் பதிவு நடக்காது. வாட்ஸ்அப் போன்ற செயலிகளும் பதிவு செய்த சிம்மோடு தொடர்ந்து இணைந்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவு பிறப்பித்தது. இந்திய சிம்மைக் கழற்றாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கழற்றிய சிம் தொலைந்துவிட்டால், மாற்று சிம் பெறப் பெரும்பாலும் இந்தியாவில் நேரில் சென்று அடையாளம் காட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே பாதுகாப்பான ஏற்பாடு, இரண்டு சிம் வசதியுள்ள செல்பேசியில் இந்திய சிம்மை அப்படியே வைத்திருந்து, அதன் டேட்டாவை மட்டும் அணைத்துவிடுவது. ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது, ஓடிபி வந்துவிடும். அழைப்பை எடுத்துப் பேசினாலும், குறுஞ்செய்தி அனுப்பினாலும் கட்டணம் உண்டு. இணையத்துக்கு வேறு சிம்மோ இ-சிம்மோ பயன்படுத்தலாம்.

நீண்ட நாள் தங்குபவர்கள் எண்ணின் ஆயுளையும் பார்க்க வேண்டும். ட்ராய் 2024 டிசம்பரில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, குரலும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள ரீசார்ஜ் திட்டங்களை நிறுவனங்கள் வழங்க வேண்டும். சிறப்பு ரீசார்ஜ்களின் செல்லுபடிக் காலம் 90 நாளிலிருந்து 365 நாள் வரை நீட்டிக்கப்பட்டது. வெளிநாட்டில் பயன்படாத இந்திய டேட்டாவுக்குப் பணம் கட்டாமல் எண்ணை உயிரோடு வைத்திருக்க இது உதவும். ஆனால் இந்த ரீசார்ஜ் மட்டும் இருந்தால் போதாது. சர்வதேச ரோமிங் சேவையும் தனியாக இயக்கப்பட்டிருக்க வேண்டும்.

நான்கு வழிகள்

ரோமிங் பேக்: ஏர்டெல், ஜியோ, வி ஆகிய நிறுவனங்கள் ஒரு நாள், பத்து நாள், ஒரு மாதம் எனப் பல கால அளவுகளில் ரோமிங் பேக்குகளை விற்கின்றன. எண் மாறாது, சிம் மாற்ற வேண்டாம், இறங்கியவுடன் இணையம் கிடைக்கும் என்பவை இதன் வசதிகள். முதல்முறை வெளிநாடு போகும் பெரியவர்களுக்கு இதுவே எளிது. விலை ஒப்பீட்டளவில் அதிகம். வாங்கும் முன் அந்த நாடு பேக்கின் பட்டியலில் இருக்கிறதா, அங்கே எந்த நிறுவனத்தின் நெட்வொர்க்கில் அது செல்லும், வரும் அழைப்புகள் அதில் அடங்குமா என்று பார்க்க வேண்டும். விமானத்திலும் கப்பலிலும் தனி நெட்வொர்க்குகள் உண்டு. நாட்டுக்கான பேக் அங்கே பொதுவாகச் செல்லாது.

உள்ளூர் சிம்: போன நாட்டின் ப்ரீபெய்டு சிம்மைக் கடவுச்சீட்டைக் காட்டி வாங்குவது. ஒரு ஜிபிக்கு ஆகும் செலவு பெரும்பாலும் இதில்தான் குறைவு. தரவு அங்கேயே இணையத்துக்குள் செல்வதால் வேகமும் நன்றாக இருக்கும். உள்ளூர் எண் ஒன்றும் கிடைக்கும். வாடகை வண்டி ஓட்டுநரையும் விடுதியையும் அழைக்க அது வேண்டும். விமான நிலையக் கவுன்டரில் வரிசையில் நிற்க வேண்டியிருப்பதும், நாட்டுக்கு நாடு மாற்ற வேண்டியிருப்பதும் குறைகள்.

பயண இ-சிம்: இ-சிம் என்பது செல்பேசிக்குள்ளேயே பதிக்கப்பட்ட சிறு சில்லு. அட்டைக்குப் பதில், நிறுவனம் அனுப்பும் கியூஆர் குறியீட்டைப் படித்து இணைப்பை அதில் இறக்கிக்கொள்ளலாம். செல்பேசியில் *#06# என்று அழுத்தினால் வரும் பட்டியலில் ‘இஐடி’ என்ற நீண்ட எண் இருந்தால், அதில் இ-சிம் வசதி இருக்கிறது என்று பொருள். ஒரே இ-சிம்மில் பல நாடுகளைச் சுற்றலாம் என்பது இதன் பெரிய நன்மை. பெரும்பாலான பயண இ-சிம்களில் டேட்டா மட்டுமே உண்டு, பேசுவதற்கு எண் கிடையாது.

இ-சிம் விஷயத்தில் மூன்று செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். வெளிநாட்டு சிம்களை இந்தியாவில் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். அது இல்லாததால் 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரண்டு செயலிகள் இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டன. எனவே அனுமதி பெற்ற விற்பனையாளரிடமோ, போகும் நாட்டின் தொலைத்தொடர்பு நிறுவனத்திடமோ வாங்குவது நல்லது. இரண்டாவது, பயண இ-சிம் பெரும்பாலும் மூன்றாவது நாடு ஒன்றின் ரோமிங் சிம்தான். எனவே அந்த இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் திறந்திருக்க வேண்டும், இந்திய சிம்முக்கு மூடியிருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்துவிட்டு இணையம் வரவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. மூன்றாவது, ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் மற்ற சிம்மின் டேட்டாவுக்குத் தானாகவே மாறும் வசதி சில செல்பேசிகளில் உள்ளது. அதையும் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் செலவு இந்திய சிம்மில் ஏறும்.

வைஃபை: விடுதி, விமான நிலையம், பேரங்காடி ஆகியவற்றின் இலவச வைஃபை. சிங்கப்பூரில் ‘வயர்லெஸ் எஸ்ஜி’ என்ற பொது வைஃபை 2006 முதல் இயங்கி வருகிறது. செலவில்லை என்றாலும் வழியில் நிற்கும்போது கைகொடுக்காது. பெயர் ஒத்த போலி வைஃபைகளும் இருக்கலாம் என்பதால் வங்கிப் பணிகளை இதில் செய்யாமல் இருப்பது நல்லது. குடும்பமாகச் செல்பவர்கள் சட்டைப்பைக்குள் அடங்கும் வைஃபை கருவியை வாடகைக்கு எடுப்பதும் உண்டு. ஆனால் கருவி ஒருவர் கையில் இருக்கும். மற்றவர் பிரிந்து சென்றால் இணையம் இல்லை. ஒரு செல்பேசியில் உள்ளூர் சிம் போட்டு ஹாட்ஸ்பாட் மூலம் பகிர்ந்துகொள்வதும் இதே வேலையைச் செய்யும்.

நாட்டுக்கு நாடு வேறுபாடுகள்

இலங்கை: கட்டுநாயக்க விமான நிலையத்தின் வருகைக் கூடத்திலேயே டயலாக், எஸ்எல்டி-மொபிடெல் ஆகியவற்றின் கவுன்டர்களில் பயணிகளுக்கான சிம் கிடைக்கும். தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

சிங்கப்பூர், மலேசியா: சிங்கப்பூரில் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 ஆகியவையும், மலேசியாவில் செல்காம்டிஜி, மேக்சிஸ், யு மொபைல் ஆகியவையும் முக்கிய நிறுவனங்கள். சிங்கப்பூர் 2017இல் 2ஜி சேவையையும் 2024இல் 3ஜி சேவையையும் நிறுத்திவிட்டது. மலேசியா 2021 இறுதியில் 3ஜியை மூடியது. எனவே 4ஜியிலேயே குரல் அழைப்பு செல்லும் ‘வோல்டே’ வசதி இல்லாத பழைய செல்பேசி, சிங்கப்பூரில் சாதாரண அழைப்புக்குக்கூட உதவாது.

ஐக்கிய அரபு அமீரகம்: இ-அண்ட் எனப் பெயர் மாறிய எடிசலாட், டு ஆகிய இரண்டும் இங்கே பெரிய நிறுவனங்கள். உள்ளூர் சிம்மில் வாட்ஸ்அப் செய்தி போகும்; வாட்ஸ்அப் குரல் அழைப்பும் காணொளி அழைப்பும் இங்கே தடுக்கப்பட்டுள்ளன. போட்டிம் போன்ற அனுமதிக்கப்பட்ட செயலிகளில்தான் பேச வேண்டும். தடையைத் தாண்ட விபிஎன் போட்டுக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். குற்றச் செயலுக்கோ அதை மறைக்கவோ விபிஎன் பயன்படுத்தினால், 2021ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டப்படி 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்காம் வரை அபராதம் விதிக்க முடியும். ஊரில் கடன் வாங்கி வேலைக்கு வந்தவர் இந்த ஆபத்தைத் தேடிக்கொள்ளக் கூடாது.

நேபாளம்: முக்திநாத் யாத்திரை செல்லும் நம் ஊர்ப் பக்தர்கள் பலர், கடவுச்சீட்டு இல்லாமலே போக முடிவதால் செல்பேசிக்கும் அது உள்நாடு என்று எண்ணிவிடுகின்றனர். இந்திய சிம்முக்கு நேபாளம் வெளிநாடுதான். எல்லையைத் தாண்டியதும் ரோமிங் தொடங்கிவிடும். நேபாள நேரம் இந்திய நேரத்தைவிட 15 நிமிடம் முன்னே இருப்பதால், கடிகாரம் தானாக மாறியிருந்தால் அதுவே எச்சரிக்கை.

ஐரோப்பா: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் ரோமிங்குக்குக் கூடுதல் கட்டணம் கிடையாது. பாரிசில் வாங்கிய சிம்மை, அதன் வரம்புக்கு உட்பட்டு ரோமிலும் பயன்படுத்தலாம். இது ஒன்றியத்தில் சேராத சுவிட்சர்லாந்துக்குத் தானாகப் பொருந்தாது.

எவ்வளவு டேட்டா வேண்டும்?

தேவைக்கு மேல் வாங்குவதும் வீண்செலவே. வாட்ஸ்அப் குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு எம்பிக்குள்தான் ஆகும். காணொளி அழைப்புக்கு நிமிடத்துக்கு ஐந்து எம்பி அளவிலோ அதற்கு மேலோ ஆகலாம். தினமும் ஒரு மணி நேரம் பேரனைப் பார்த்துப் பேசினால் மூன்று நாளில் ஒரு ஜிபி போய்விடும். உயர்தரப் படம் ஒரு மணி நேரம் பார்க்க ஒன்று முதல் மூன்று ஜிபி வரை செலவாகும். வரைபடம் பார்ப்பதற்கு மிகக் குறைவாகவே தேவை. அதையும் வீட்டு வைஃபையில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

பயணியின் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் செலவுதான் ஆபத்தானது. பேக் இல்லாத ரோமிங்கில் ஒரு எம்பிக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரவில் உறங்கும்போது செல்பேசி தானாக 300 எம்பி அளவுக்குப் படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்பினால், காலையில் 3,000 ரூபாய் செலவாகியிருக்கும். தானியங்கிப் புதுப்பிப்பையும் படச் சேமிப்பையும் வைஃபையில் மட்டும் நடக்கும்படி மாற்றிவைக்க வேண்டும்.

மூன்று பயணிகள்

மேலே கண்டவற்றை மூன்று மாதிரிப் பயணிகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

மூன்று நாள் வணிக வேலையாகக் கொழும்பு செல்லும் மதுரை ஜவுளி வியாபாரிக்கு இந்தியாவிலிருந்து அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். அவருக்கு, வரும் அழைப்புகளும் அடங்கிய ரோமிங் பேக் ஏற்றது. அழைப்பு அதிகம் வராதவர் என்றால் இறங்கியதும் உள்ளூர் சிம் வாங்கினால் போதும்.

மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் அமெரிக்கா செல்லும் பெற்றோருக்கு மகள் வீட்டில் வைஃபை இருக்கும். வெளியே செல்லும்போது பயன்படுத்த ஓர் உள்ளூர் இணைப்பு வேண்டும். இந்திய எண்ணுக்கு, குரல்-குறுஞ்செய்தி மட்டும் உள்ள நீண்டகால ரீசார்ஜைச் செய்து, ரோமிங் சேவையையும் இயக்கிச் செல்ல வேண்டும். ஓய்வூதியக் கணக்கின் ஓடிபி அதில்தான் வரும். மகள் வாங்கித்தரும் செல்பேசியில் ஒரு சிக்கல் உண்டு. 2022இல் வந்த ஐபோன் 14 முதல், அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் சிம் அட்டை போடும் இடமே இல்லை. இந்திய சிம்மை அதில் போட வேண்டுமென்றால், ஊரிலேயே அதை இ-சிம்மாக மாற்றுவது பற்றி நிறுவனத்திடம் கேட்டு வைப்பது நல்லது.

இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் துபாய் செல்லும் தொழிலாளிக்கு உள்ளூர் சிம்மே வழி. முதல் சில நாட்களுக்குப் பயணிகள் சிம், குடியிருப்பு அடையாள அட்டை கிடைத்ததும் நிலையான இணைப்பு. 2023 ஜனவரியில் வந்த ஏற்பாட்டின்படி, அமீரகம், சவூதி அரேபியா, ஓமன், கத்தார், சிங்கப்பூர் உள்ளிட்ட 10 நாடுகளின் எண்களைக் கொண்டு, வெளிநாடுவாழ் இந்தியர்களின் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் யுபிஐ பெற முடியும். கணக்கை மாற்றி அந்நாட்டு எண்ணைப் பதிவு செய்துவிட்டால், வீட்டுக்குப் பணம் அனுப்ப இந்திய சிம்மையே நம்பியிருக்க வேண்டியதில்லை. அதுவரை இந்திய எண்ணைச் சாகவிடக் கூடாது.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

• சர்வதேச ரோமிங் சேவையை ஊரில் இருக்கும்போதே இயக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் பேசும் ஐஎஸ்டி வசதி வேறு, ரோமிங் வேறு.
• செல்பேசி ஒரே நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய பழைய செல்பேசிகள் சில அப்படி இருக்கும். அவற்றில் வேறு சிம் இயங்காது.
• இ-சிம்மை வீட்டு வைஃபையிலேயே நிறுவிக்கொள்ள வேண்டும். செல்லுபடிக் காலம் நிறுவிய நாளில் தொடங்குகிறதா, அங்கே இணைந்த நாளில் தொடங்குகிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். நிறுவிய இ-சிம்மை அழித்துவிட்டால் மீண்டும் கிடைக்காமல் போகலாம்.
• வங்கியில் மின்னஞ்சல் முகவரியையும் பதிவு செய்து வைக்க வேண்டும்.
• விடுதி முகவரி, உறவினர் எண், தூதரக எண் ஆகியவற்றைத் தாளில் எழுதிப் பையில் வைக்க வேண்டும். எந்த சிம்மும் வேலை செய்யாத முதல் அரை மணி நேரத்தில் அந்தத் தாள்தான் உதவும்.

விலைகளும் பேக்குகளும் அடிக்கடி மாறுபவை. எந்த நிறுவனத்தின் பேக் மலிவு என்பதைப் புறப்படும் வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம். மாறாதது ஒன்றுதான்: இணையத்தை எந்த ஊரிலும் விலைக்கு வாங்கிவிடலாம், வங்கியும் குடும்பமும் அறிந்த அந்தப் பத்து இலக்க எண்ணைப் போன இடத்தில் வாங்க முடியாது. அந்த எண்ணைப் பத்திரப்படுத்திவிட்டு, பிறகு இணையத்துக்கு வழி தேடுவதே சரியான வரிசை.